கட்டண ஜன்னல்: வரும் தேதியும் கட்டும் தேதியும்

கல்லூரியில் படிப்பவர்களின் கைக்காசு பற்றி எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. கல்லூரி ஒன்றின் மாணவர் உதவிப் பிரிவில், ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் 27 வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். அன்றைக்கு அந்த ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் கேட்டதைத்தான் இந்தக் கடிதங்களும் கேட்கின்றன. பெயர், ஊர், கல்லூரி எதையும் போடவில்லை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: எனக்கு உதவித்தொகை கிடைக்கிறது அம்மா, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணம் கட்டக் கடைசித் தேதி பருவத்தின் முதல் வாரம். உதவித்தொகை வந்து சேர்வது மூன்றாவது மாதம். ஒவ்வொரு முறையும் நண்பர்களிடம் கைமாற்று வாங்கிக் கட்டுகிறேன். இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்கள். ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு, வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துக்கொண்டு வரலாமா?
– இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன்

ப: நிறுத்தாதே தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு பையன் ஏழு முறை என் ஜன்னலுக்கு வந்தான். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "வந்துவிட்டதா மேடம்?" ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரே பதில்: "வரவில்லை." எட்டாவது முறை அவன் வரவில்லை. கட்டணம் கட்டாததால் கல்லூரிப் பட்டியலிலிருந்து அவன் பெயர் அடிக்கப்பட்டு, ஊருக்குப் போய்விட்டான் என்று விடுதியில் சொன்னார்கள். கடைசித் தேதி முடிந்து 19-ஆம் நாள் அவன் பணம் முழுதாக வந்தது. வாங்க ஆளில்லை. "மாணவர் இடைநின்றார்" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினோம். குறிப்பை எழுதியது என் கை. மேலதிகாரியிடம் போய் "இவனுக்கு 19 நாள் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு 25 வருடம் அந்த ஜன்னலில் இருந்தேன். மொத்தத்தில் பணமே கிடைக்காமல் படிப்பை விட்டவர்களைவிட, கிடைக்கவிருந்த பணம் பிந்தியதால் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

ஏன் பிந்துகிறது? யாரோ மேசையில் தூங்குகிறார்கள் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பணம் தருகிறவர், "இவன் இந்தப் பருவம் படிக்கிறானா" என்று உறுதி கேட்பார். கல்லூரி, மாணவர் பதிவு முடிந்த பிறகுதான் பட்டியல் அனுப்பும். பதிவு முடிய வேண்டுமானால் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். கட்டணம் கட்ட அந்தப் பணம் வர வேண்டும். வாலைத் துரத்தும் நாய் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். இதற்கு நடுவில் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயருக்கும் விண்ணப்பத்தில் இருக்கும் பெயருக்கும் ஒரு தலைப்பெழுத்து மாறியிருந்தால் இன்னும் ஒரு மாதம்.

ஆனால் இது மாற்றவே முடியாத விதி இல்லை. இங்கிலாந்தில் வாழ்க்கைச் செலவுக்கான கடனை மூன்று தவணையாக, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கொடுக்கிறார்கள். ஜெர்மனியின் 'பாஃபாக்' உதவி மாதாமாதம் வருகிறது. நியூசிலாந்தில் மாணவர் படியை வாரம் ஒரு முறை கணக்கில் போடுகிறார்கள். அமெரிக்காவில் கட்டணம் போக மிஞ்சும் உதவிப் பணத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் மாணவர் கையில் சேர்த்துவிட வேண்டும் என்று கல்லூரிகளுக்கு விதி இருக்கிறது. மாணவனின் செலவு காத்திருக்காது என்று ஒப்புக்கொண்டுதான் இந்தத் தேதிகளை வைத்திருக்கிறார்கள்.

சரி, நீ செய்ய வேண்டியது. கல்லூரியில் போய்ப் பணம் கேட்காதே, அவகாசம் கேள். இரண்டும் வேறு. "கட்ட முடியவில்லை" என்று எழுதினால் அந்தக் கடிதம் இரக்கத்துக்கான ஃபைலுக்குப் போகும், அங்கே நூறு கடிதம் ஏற்கெனவே கிடக்கும். "இன்ன எண்ணுள்ள உதவித்தொகை எனக்கு ஒப்புதலாகியிருக்கிறது, போன இரண்டு பருவமும் இந்தத் தேதிகளில் வந்தது, இதோ பாஸ்புக் பக்கம், அதுவரை அபராதமின்றி அவகாசம் தேவை" என்று எழுதினால் அது கணக்குப் பிரிவுக்குப் போகும். அங்கே கையெழுத்து போடுவது சுலபம், ஏனென்றால் பணம் வரப்போவது காகிதத்தில் இருக்கிறது. கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பே கொடு. கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள். வாங்காமல் நகராதே. இந்த ஒரு விஷயத்தில் நீ எவ்வளவு பிடிவாதம் பிடித்தாலும் தப்பில்லை.

இன்னொன்று, கோடை விடுமுறை. ஒரு வருடம் நிறுத்திச் சம்பாதிப்பதாகச் சொன்னாயே, உனக்கு ஒரு வருடச் சம்பாத்தியம் தேவையே இல்லை. கோடையில் வேலை பார்த்து, ஒரே ஒரு பருவக் கட்டணம் கையில் முன்கூட்டி இருந்தால் போதும். அதைக் கட்டிவிட்டு, மூன்றாம் மாதம் வரும் உதவித்தொகையை அடுத்த பருவத்துக்கு எடுத்து வைத்துவிடு. அதற்கப்புறம் படிப்பு முடியும் வரை நீ ஒரு அடி முன்னால் நடப்பாய்.

படிப்பை நிறுத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. பல உதவித்தொகைகள் இடைவெளி விட்டால் ரத்தாகிவிடும். கடன் வாங்கியிருந்தால் இன்னும் மோசம். அமெரிக்க மத்திய அரசின் கல்விக்கடனை எடுத்துக்கொள். பாதி நேரப் படிப்புக்கும் கீழே இறங்கிய நாளிலிருந்து 6 மாத அவகாசம் ஓட ஆரம்பித்துவிடும், அது முடிந்ததும் தவணை கட்டச் சொல்வார்கள். "ஒரு வருடம் கழித்து வருகிறேன்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது, முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுத்தீர்களா என்று நானே கேட்டிருக்கிறேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிடும், முகத்தைப் பார்த்தால்.

அந்த இரண்டு நண்பர்களுக்கு எப்போது தருவாய் என்று தேதி சொல்லியிருக்கிறாயா? சொல்லு. மூன்றாம் மாதம் என்றே சொல்லு. திரும்பிப் போகிறவர்கள் தொகைக்குப் பயந்து போவது குறைவு, தேதி தெரியாமல் போவதுதான் அதிகம்.

கே: என் மகன் மாலை நேரத்தில் வேலைக்குப் போகிறான். வாரம் 25 மணி நேரம் ஆகிறது. வீட்டுக்குச் சுமை குறைந்தது உண்மை. ஆனால் போன பருவத்தில் இரண்டு பாடம் போய்விட்டது. எவ்வளவு நேரம் வேலை பார்த்தால் படிப்பு கெடாது?
– ஒரு தகப்பனார்

ப: ஐயா, அரசாங்கங்கள் இதற்கு ஆளுக்கொரு எண் வைத்திருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் பருவ நாட்களில் எவ்வளவு வேலை பார்க்கலாம் என்பதற்குப் பிரிட்டன் பட்டப்படிப்பில் இருப்பவர்களுக்கு வாரம் 20 மணி என்கிறது. ஜப்பான் 28 மணி. ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி. கனடா 2024 நவம்பரில் கல்லூரிக்கு வெளியே 24 மணி என்று மாற்றியது. விசாவுக்காக வைத்த எல்லைகள்தான் என்றாலும், எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சுற்றி வருவதைப் பாருங்கள். உங்கள் மகனின் 25 அந்தக் கரையில்தான் நிற்கிறது.

நான் பார்த்தவரை, எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பாடத்தைத் தின்கிறது. காலை ஆறு முதல் எட்டு வரை வேலை செய்துவிட்டு வகுப்புக்கு வந்த பெண்கள் சமாளித்தார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வேலை முடிந்தவர்கள் முதல் இரண்டு வகுப்பில் கண் திறந்தபடியே தூங்கினார்கள். போன இரண்டு பாடமும் காலை வகுப்புகளா என்று கேட்டுப் பாருங்கள்.

நியூட்டன் 1661-ல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தபோது பணியாள் மாணவராகத்தான் சேர்ந்தார். வசதியான மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்து படிக்கும் வகை அது. அவருடைய தாயார் அப்போது வசதியாகவே இருந்தார் என்பதுதான் வேடிக்கை, மகனுக்கு அளந்துதான் கொடுத்தார். அந்த மகன் சக மாணவர்களுக்கே சில்லறைக் கடன் கொடுத்துக் கணக்கெழுதி வைத்திருந்திருக்கிறார். ஆக, வேலை பார்த்துக்கொண்டு படிப்பது கேவலமும் இல்லை, புதிதும் இல்லை.

கல்லூரிக்குள்ளேயே வேலை கிடைத்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும். நூலகம், ஆய்வகம், அலுவலகம் எதுவானாலும் சரி. தேர்வு வாரம் என்று சொன்னால் அங்கே புரிந்துகொள்வார்கள். அமெரிக்காவில் 1964-ல் ஒரு சட்டம் போட்டு இதைத் திட்டமாகவே ஆக்கினார்கள், கூலியின் ஒரு பகுதியை அரசே தருகிறது. அதில் இன்னொரு நல்ல அம்சம், அப்படிச் சம்பாதித்த பணத்தை அடுத்த ஆண்டு உதவி கணக்கிடும்போது வருமானமாகச் சேர்ப்பதில்லை.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். மாணவரின் சொந்த வருமானத்துக்கு எல்லை வைக்கும் உதவிகள் நிறைய உண்டு. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து மூன்றிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதித்தால், வாங்கிய உதவியில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்பார்கள். உங்கள் மகன் உதவித்தொகை வாங்குகிறான் என்றால் அந்த எல்லை எங்கே என்று விதியைப் பாருங்கள். கூடுதலாக உழைத்து, அந்தக் கூடுதலை அப்படியே திருப்பிக் கட்டிய ஒரு பையன் என் ஜன்னலில் நின்று சிரித்தான். அழ வேண்டிய இடம் அது.

கே: மூன்று நிமிடத்தில் கடன் தரும் செயலி ஒன்று என் போனில் இருக்கிறது. மாதக் கடைசியில் மட்டும் எடுத்து, உதவிப்பணம் வந்ததும் கட்டிவிடுகிறேன். நூற்றுக்கு ஐந்துதான் வட்டி. இதில் என்ன தப்பு?
– விடுதி மாணவன்

ப: நூறு கேட்டால் கையில் எவ்வளவு வருகிறது? "செயல்முறைக் கட்டணம்" என்று பத்தைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறு தருவார்கள். முப்பது நாளில் நூற்றைந்து கட்டுவாய். அதாவது தொண்ணூறை ஒரு மாதம் வைத்திருந்ததற்குப் பதினைந்து. மாதம் நூற்றுக்குப் பதினாறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருடத்துக்கு இருநூறு. தண்டல்காரர் வெட்கப்படுவார். உன் செயலியில் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் முறை இதுதான்: கையில் வந்தது எவ்வளவு, திருப்பிக் கட்டியது எவ்வளவு, நடுவில் எத்தனை நாள்.

மாதக் கடைசியில் மட்டும் என்கிறாய். மாதக் கடைசி மாதாமாதம் வரும்.

கே: என் வங்கிக் கணக்கை ஒருவர் பயன்படுத்திக்கொள்ளக் கேட்கிறார். பணம் வரும், அதை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும், ஒவ்வொரு முறைக்கும் கமிஷன் தருவாராம். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் ஏற்கெனவே செய்கிறார்கள். பகுதிநேர வருமானம்தானே?
– மூன்றாம் ஆண்டு மாணவன்

ப: இல்லை. யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணத்தின் தடத்தை அழிக்க உன் பெயரைக் கேட்கிறார். ஏமாந்தவர் புகார் கொடுத்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில். கணக்கை முடக்குவார்கள், உன் உதவித்தொகையும் அதே கணக்கில்தான் மாட்டிக்கொள்ளும். கமிஷன் கொடுத்தவரின் எண் அன்றைக்கு உபயோகத்தில் இருக்காது. வகுப்பில் இருக்கும் அந்த இருவரிடமும் இன்றைக்கே சொல்லு. ஏற்கெனவே ஏதாவது பணம் உன் கணக்குக்கு வந்திருந்தால், தொடாமல் வங்கியில் போய் எழுத்தில் தெரிவி. வீட்டிலும் சொல்லிவிடு, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

கே: படிக்கும் காலத்தில் கல்விக்கடனுக்குத் தவணை கிடையாது என்பதால், அதுவரை வட்டியும் கிடையாது என்று என் தோழி சொல்கிறாள். உண்மையா?
– முதலாம் ஆண்டு மாணவி

ப: தவணை இல்லை என்பதும் வட்டி இல்லை என்பதும் ஒன்றல்ல, கண்ணு. சில கடன்களில் படிக்கும் கால வட்டியை அரசு ஏற்கும். ஏற்காத கடனில் அது சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்கு. வருடத் தொடக்கத்தில் நூறு, நான்கு வருடம், மொத்தம் நானூறு வாங்குகிறாய். வட்டி நூற்றுக்குப் பத்து. முதல் நூறு நான்கு வருடம் ஓடி நாற்பது வட்டி சேர்க்கிறது, அடுத்தது முப்பது, அடுத்தது இருபது, கடைசி நூறு பத்து. கூட்டினால் நூறு. பட்டம் வாங்கும் அன்றைக்கு நானூறு ஐந்நூறாகியிருக்கும். வேலை தேட ஒரு வருட அவகாசம் கொடுத்தால் அதற்கும் நாற்பது, ஆக ஐந்நூற்று நாற்பது. இது தனிவட்டிக்கு. வருடா வருடம் வட்டியை அசலோடு சேர்த்தால் ஐந்நூற்று அறுபத்தொன்றைத் தாண்டும். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டு. முதல் வருடம் மொத்தமே பத்துதான், மாதத்துக்கு ஒன்று கூட வராது. நான்காம் வருடம் நாற்பதாக ஏறும், அப்போது முடியாவிட்டால் விட்டுவிடு. முதல் இரண்டு வருடம் கட்டியதே பின்னால் தெரியும்.

உன் தோழி ஒருவேளை வேறு நாட்டுக் கதையைக் கேட்டிருப்பாள். நியூசிலாந்தில் 2006 ஏப்ரலிலிருந்து, அந்த நாட்டிலேயே வசிப்பவர்களுக்கு மாணவர் கடன் வட்டியில்லாக் கடன். திருப்பிக் கட்டுவதும் வருமானத்தைப் பொறுத்தது: குறிப்பிட்ட எல்லைக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் நூற்றுக்கு 12 பிடிப்பார்கள், எல்லைக்குக் கீழே என்றால் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் இளங்கலைக் கடனுக்கு அந்தப் பிடித்தம் 9. இந்த முறையை நாடு முழுவதற்குமாக 1989-ல் முதலில் கொண்டுவந்தது ஆஸ்திரேலியா, வடிவமைத்தவர் புரூஸ் சாப்மன் என்ற பொருளாதார நிபுணர். தவணைக்கு நாள் குறிப்பது வங்கி இல்லை, உன் சம்பளம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அதற்கும் முன்னால், 1971-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இதே யோசனையைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. ஒரே ஆண்டில் கடன் வாங்கிய எல்லோரையும் ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவின் மொத்தக் கடனும் தீரும் வரை ஒவ்வொருவரும் வருமானத்தில் ஒரு பங்கு தர வேண்டும் என்றார்கள். நன்றாகச் சம்பாதித்தவர்கள் கூடுதலாக ஒரு தொகை கட்டி விலகிக்கொண்டார்கள். சிலர் கட்டவே இல்லை. நடுவில் இருந்த நேர்மையானவர்கள் தலையில் எல்லாம் விடிந்தது. குழுக்கடனில் ஜாமீன் போட்டவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

கே: என் உதவித்தொகை வந்த அன்றே வீட்டிலிருந்து போன் வந்துவிடும். அண்ணன் வண்டித் தவணை, அம்மா மருந்து, ஏதோ ஒன்று. பாதிக்கு மேல் அனுப்பிவிடுகிறேன். அப்புறம் புத்தகம் வாங்க, விடுதிக்குக் கட்டத் திண்டாட்டம். கொடுக்காமல் இருக்க மனம் வரவில்லை. கொடுத்தால் படிக்க முடியவில்லை. நான் என்ன செய்ய?
– முதுகலை முதலாண்டு மாணவி

ப: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன், மகளே.

உதவித்தொகை விதிகளை எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தை நம்புகிறார்கள்: பணம் வீட்டிலிருந்து மாணவரிடம் போகும் என்று. பெற்றோர் வருமானம் இவ்வளவு, அதனால் அவர்கள் இவ்வளவு தருவார்கள், மீதி நாம் தருவோம். மாணவியிடமிருந்து வீட்டுக்குப் போகும் பணத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. அமெரிக்காவில் "குடும்பம் தர வேண்டிய பங்கு" என்ற கணக்கு எவ்வளவு ஏழைக்கும் பூஜ்யத்தில் நின்றுவிடும், அதற்குக் கீழே போகாது. 2024-25 கல்வியாண்டில் அந்தக் கணக்கை மாற்றி, மைனஸ் 1,500 வரை இறங்க விட்டார்கள். எண் சின்னதுதான். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழேயும் குடும்பங்கள் இருக்கின்றன என்று ஒரு படிவம் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிதாகப் பட்டது.

வீட்டில் கொடுக்க மறுக்கும் பெற்றோரும் உண்டு, அதற்கு ஜெர்மனியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெற்றோர் தர வேண்டிய பங்கைத் தராமல் படிப்பு ஆட்டம் கண்டால், மாணவர் விண்ணப்பித்து அரசிடமிருந்து முன்பணமாக வாங்கலாம், அப்புறம் அரசு பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளும். உன் நிலைமை அதற்கு நேர் எதிர். உன்னிடமிருந்து போகிறது. அதற்கு எந்த நாட்டிலும் சட்டம் எழுதி நான் பார்க்கவில்லை.

நானும் இதைச் செய்தவள்தான். எனக்குக் கிடைத்த உதவித்தொகை பிரிக்காத உறையோடு அம்மாவிடம் போகும். அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார், "சின்னவள் கொடுத்தது" என்று. இரண்டாம் வருடம் தேர்வுக் கட்டணம் கட்டப் பணமில்லாமல் அந்த நோட்டை நான் எடுத்துப் பார்த்தேன். என் பெயரில் இருந்த தொகை தேர்வுக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு. நோட்டு இருந்தது, பணம் இல்லை. அம்மா தப்பு செய்யவில்லை, வீடு தின்றுவிட்டது. அம்மா அன்றைக்குப் பக்கத்து வீட்டில் வாங்கித் தந்தார். அதற்கப்புறம் நான் உறையைப் பிரித்துத்தான் கொடுத்தேன், மூன்று மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கொடுக்காதே என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அம்மா மருந்தும் அண்ணன் வண்டியும் ஒரே வரியில் வருவதை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார். பணம் வந்த அன்றைக்கே அடுத்த பணம் வரும் நாள் வரை உனக்குள்ள கட்டாயத் தேதிகளை எழுது: விடுதி, கட்டணம், தேர்வு. அவற்றை முதலில் கட்டிவிடு, முடிந்தால் முன்கூட்டியே கட்டி ரசீது வாங்கிவிடு. கையில் ரொக்கமாக இருந்தால் உன்னால் மறுக்க முடியாது, ரசீதாக இருந்தால் யாராலும் கேட்க முடியாது. மிஞ்சியதில் வீட்டுக்கு என்று ஒரு தொகை, மாதத்தில் ஒரே தேதியில். போன் வரும்போது "பத்தாம் தேதி அனுப்புகிறேன்" என்று சொல்லலாம். அது மறுப்பு மாதிரி இருக்காது. உன் அண்ணனுக்குக் கோபம் வரும். வரட்டும், வண்டி ஓட்டுகிறவருக்குத் தவணைத் தேதி தெரிந்திருக்க வேண்டும்.

கே: ஒரு பாடத்தில் போனதால் என் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். மற்ற பாடங்களில் முதல் வகுப்பு. இது நியாயமா?
– இளங்கலை மாணவி

ப: இராமானுஜனுக்கு நடந்தது தெரியுமா? 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர மற்றதில் கவனம் போகவில்லை, ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. தாயார் நேரில் போய்ப் பேசியும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது 1913-ல்தான். நடுவில் எட்டு வருடம்.

நியாயமா என்பதை விட்டுவிடு, மேல்முறையீடு இருக்கிறதா என்று பார். உதவியைத் தொடர மதிப்பெண், தேறிய பாடங்களின் எண்ணிக்கை, படிப்பை முடிக்கும் காலம் என்று மூன்று நிபந்தனை வழக்கமாக இருக்கும். நீ எதில் விழுந்தாய் என்று எழுத்தில் கேள். உடம்பு சரியில்லாதது, வீட்டில் சாவு போன்ற காரணம் இருந்தால் சான்றோடு எழுது. பல இடங்களில் ஒரு பருவம் "பார்ப்போம்" என்று நிபந்தனையோடு தொடர விடுவார்கள். கடிதத்தில் முதல் வகுப்பு வாங்கிய பாடங்களைப் பற்றி ஒரு வரி போதும். போன பாடத்தை எப்போது, எப்படி எழுதித் தேறப் போகிறாய் என்பதற்குத்தான் இடம் கொடுக்க வேண்டும். என் மேசைக்கு வந்த முறையீடுகளில் முக்கால்வாசியில் அது இருக்காது.

கே: மாணவர்கள் எப்போது பார்த்தாலும் பணம், பணம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் இப்படியா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர்

ப: அப்படியேதான் சார். ஐரோப்பாவில் இடைக்கால மாணவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெரும்பங்கு பணம் கேட்டுத்தான். எப்படிக் கேட்பது என்று மாதிரிக் கடிதங்களே புழங்கின. ஆக்ஸ்ஃபோர்டில் 1240-ல் ராபர்ட் கிராஸ்டெஸ்ட் என்ற ஆயர், ஏழை மாணவர்களுக்காக ஒரு கடன் பெட்டிக்கு ஏற்பாடு செய்தார். புத்தகத்தையோ வேறு பொருளையோ அடகு வைத்து, வட்டியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். உரிய காலத்தில் மீட்காவிட்டால் அடகை விற்றுவிடுவார்கள்.

அதற்கு ஏறக்குறைய இருநூறு வருடம் முன்னால், முதலாம் இராஜேந்திரன் காலத்தில், எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டில் 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நெல் ஒதுக்கியிருக்கிறது. கீழ்நிலை மாணவர்கள் 270 பேர், மேல்நிலையினர் 70 பேர், மேல்நிலையினருக்கு அளவு கூடுதல். வேதமும் இலக்கணமும் படித்தவர்கள் அவர்கள், யார் யாருக்கு அங்கே இடமில்லை என்பது வேறு கதை. நான் கவனித்தது ஒன்றுதான்: நெல்லைத் தினப்படியாக அளந்திருக்கிறார்கள். மூன்றாம் மாதம் என்று எழுதவில்லை.

கே: உதவிப் பிரிவில் இருந்தபோது யாருக்காவது உங்கள் கையிலிருந்து பணம் கொடுத்ததுண்டா?
– ஒரு வாசகி

ப: கொடுக்கக் கூடாது என்பது அலுவலக விதி. மூன்று பேருக்குக் கொடுத்தேன். இரண்டு பேர் உதவித்தொகை வந்த அன்றே ஜன்னலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் என் அக்கா மகன். இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பதாகச் சொல்கிறான்.